மண்டைக்குள் நின்ற கூட்டமும் என் மருமகள் வசந்தாவும்

நான் துரத்திவிட்டேனாம். யாரை? வசந்தாவை. குழாயடியில் குடம் நிறைகிற நேரத்தில் வாயை நிறைத்துக்கொள்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அவளைத் துரத்த முடியும் என்று நினைக்கிறீர்களே, நீங்கள் அவளைச் சரியாகப் பார்த்ததே இல்லை. ஒரு கத்தரிக்காய்க் குழம்பில் புளி எவ்வளவு என்பதையே எட்டு வருஷமாக அவளும் நானும் பேசி முடிக்கவில்லை.

மாமியார் கொடுமை என்கிறது ஒரு கட்சி. என் மகன் ராஜாங்கம் கை நீட்டினான் என்கிறது இன்னொரு கட்சி. செஞ்சிக் கோட்டை பார்க்க வருகிறவர்களுக்குச் சைக்கிள் வாடகைக்கு விடுகிறவன் அவன். டயருக்கு வலிக்குமோ என்று பார்த்துப் பார்த்துக் கழற்றுவான். அவன் கை நீட்டுவது பம்பை எடுக்க மட்டும்தான். மூன்றாவது கட்சி எதிர்வீட்டுத் தைலம்மாளின் சொந்தத் தயாரிப்பு. குடம் விற்கிற சாந்த் பாஷாவின் உயிர் போகக் காரணமாக இருந்துவிட்டு, முகம் காட்ட முடியாமல் பெங்களூருக்கு ஓடிவிட்டாள் என்பது.

முதல் இரண்டையும் சிரித்துத் தள்ளிவிடுவேன். இந்த மூன்றாவதற்காகத்தான் தனகோட்டி வாத்தியாரைக் கூப்பிட்டு, காபி கொடுத்து, எழுதச் சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்க வராது. ஆனால் எழுதினதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்பேன். அவர் பாட்டுக்கு ஏதாவது சேர்த்தால் காபி அதோடு நின்றுவிடும்.

வசந்தா பனமலைப் பெண். ஏரிக்குப் பக்கத்தில் வீடு. பெண் பார்க்கப் போனபோது பஜ்ஜித் தட்டை வைத்துவிட்டு உள்ளே போகாமல் நின்று, "உங்க வீட்லேர்ந்து பஸ் ஸ்டாண்டு எவ்ளோ தூரம்?" என்று கேட்டாள். மாப்பிள்ளையைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. ராஜாங்கம் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வியர்த்து உட்கார்ந்திருக்கிறான், இவள் பஸ் ஸ்டாண்டைக் கேட்கிறாள். எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று.

பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லேப் வேலை. லேப் என்றால் ரத்தம் பார்ப்பது, சர்க்கரை பார்ப்பது, நமக்கு இனி ஊசிக்கு வரிசையில் நிற்க வேண்டாம் என்று நினைத்தேன். இருட்டோடு திண்டிவனம் பஸ், அங்கிருந்து பாண்டிச்சேரி பஸ். சாயங்காலம் அப்படியே திரும்பி வருவாள். உடம்பெல்லாம் பார்மலின் வாசனை. உடம்பிலிருந்து வெட்டி எடுத்தது கெட்டுப்போகாமல் இருக்க ஊற்றுகிற மருந்தாம். பஸ்ஸில் அவள் பக்கத்து சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். "எனக்கு ஒரு சீட்டு, பைக்கு ஒரு சீட்டு அத்த, மகாராணி மாதிரி வர்றேன்" என்பாள்.

பேத்தி பிறந்து நடக்க ஆரம்பித்த பிறகு, மனோரமா என்கிற டாக்டரம்மா இவளைத் தன் பிரிவுக்கு எடுத்துக்கொண்டார்.

"இன்னா வேலம்மா இப்ப?" என்று சாப்பிடும்போது கேட்டேன்.

"மூளையில வர்ற கட்டிய ஆபரேஷன் பண்ணி எடுப்பாங்க இல்ல அத்த. அத தாள் மாதிரி சீவி, கண்ணாடியில ஒட்டி, சாயம் போட்றது."

நான் கையைக் கழுவிவிட்டேன்.

மறுநாளிலிருந்து அவள் பின்வாசல் வழியாகத்தான் வர வேண்டும், தொட்டித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டுதான் அடுப்படிக்குள் கால் வைக்க வேண்டும் என்று சொன்னேன். அவள் சண்டை போட்டாள். "அது உயிரோட இருக்கறவங்க கட்டி அத்த, பொணம் இல்ல." நியாயம்தான். உயிரோடிருக்கிற ஆளின் துண்டுக்குத் தீட்டு உண்டா இல்லையா? தெருவே பேசியது. கோயில் குருக்களிடம் போனேன். ஒரு சீப்பு வாழைப்பழத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து அவர் யோசித்தார். ஆள் இருந்தால் தீட்டு இல்லை, போய்விட்டால் உண்டு என்றார்.

அதனால் தினமும் பின்வாசலில் நின்று கேட்பேன்.

"இன்னிக்கி சீவினது உயிரோட கீதா?"

"எனக்கெப்படி தெரியும் அத்த?"

"அப்ப ஊத்திக்க."

மார்கழி மாதம். தொட்டித் தண்ணீர் கல் மாதிரி இருக்கும். சில நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஆபரேஷன் வார்டுக்குப் போய், யார் இருக்கிறார்கள் யார் போனார்கள் என்று கேட்டுக்கொண்டு வர ஆரம்பித்தாள். குளிருக்குப் பயந்து போனவள் நாளடைவில் அவர்கள் ஊர், பேர், பிள்ளைகுட்டி எல்லாம் தெரிந்துகொண்டு வந்தாள். அதுவரை அவளுக்கு அது கண்ணாடித் துண்டு. பிறகு அது நெய்வேலிக்காரர், கடலூர் டீச்சரம்மா.

நான் தண்ணீர் ஊற்றச் சொல்லாவிட்டால் வசந்தா வார்டுக்கே போயிருக்க மாட்டாள், இந்த வம்பே வந்திருக்காது என்று தைலம்மாள் சொல்கிறாள். குளித்தால் சுத்தம். அதில் என்ன வம்பு? இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

அவள் கண்ணாடியில் என்ன பார்க்கிறாள் என்று ஒருநாள் வெங்காயம் உரிக்கும்போது விளக்கமாகக் கேட்டேன். உடம்புக்குள் காவலுக்கு என்று அணுக்கள் இருக்கின்றனவாம், ரத்தத்தில் சுற்றிக்கொண்டே இருக்குமாம். வேண்டாதது எதுவென்று அடையாளம் கண்டு கொல்கிறவை சின்ன உருண்டைகள். செத்ததையும் கெட்டதையும் விழுங்குகிறவை பெரிய தின்னிகள். மூளையிலேயே பிறந்து வளர்ந்த தின்னிகளும் உண்டு, ரத்தத்தோடு வந்து சேர்ந்த தின்னிகளும் உண்டு.

"அப்ப கட்டி எப்பிடி வளருது? இவங்க எல்லாரும் எங்க போனாங்க?"

"போகல அத்த, அங்கதான் இருக்காங்க. அதான் வேடிக்க. சின்ன உருண்டைங்க ரத்தக் குழாய் வழியா வந்து எறங்கிடுது. எறங்கி அந்தக் குழாய சுத்தியே கும்பலா நிக்குது. கட்டிக்குள்ள போறது கொஞ்சம்தான்."

"பஸ்ஸ விட்டு எறங்கி, ஸ்டாண்டுலயே நின்னு டீ குடிக்கிறவங்க மாதிரி."

"ஆங். தின்னிங்க அப்பிடி இல்ல. உள்ளயே பூந்து நெறஞ்சி இருக்குது. சில கட்டியில மூணுல ஒரு பங்கு தின்னிங்கதான். ஆனா கட்டிய திங்கல. சும்மா குந்தினு இருக்குது."

இது எனக்குப் புரியாத விஷயமே இல்லை. என் கொழுந்தனார் வரப்பைத் தள்ளிப் போட்டபோது, நியாயம் கேட்க எங்கள் பக்கத்து ஆட்கள் ஒரு மாட்டுவண்டி நிறையப் போனார்கள். அவர் ஆட்டுக்கறி சமைத்துப் போட்டார். சாப்பிட்டுவிட்டு அவர் வீட்டிலேயே படுத்துத் தூங்கினார்கள். சாயங்காலம் எழுந்து வந்து, "வரப்பு அங்கயே இருக்கட்டும்" என்று எங்களுக்குப் புத்தி சொன்னார்கள். வசந்தாவிடம் சொன்னேன்.

அவள் கண்ணில் வெங்காயத் தண்ணீரோடு சிரித்தாள். "அதேதான் அத்த. அந்தக் கறிக்கொழம்ப கட்டியே சுரக்குதுன்னு வெளிநாட்டு டாக்டருங்க இப்பதான் கண்டுபுடிச்சிருக்காங்க. அது பட்டா சின்ன உருண்டைங்களுக்கு வேகம் போயிடுதாம். சாப்ட்டுட்டு உக்காந்திருக்கற தின்னிங்களும் சேந்துகினு, வர்ற உருண்டைங்கள 'ஒண்ணும் இல்ல, போ'ன்னு அடக்குதா இல்லியான்றதுதான் எங்க டாக்டரம்மாவோட கேள்வி. யார் பக்கத்துல யார் நிக்கறாங்கன்னு பாக்கணும். ஒரு சாயம் ஒரு வக ஆளத்தான் காட்டும். ஒரே சீவல்ல ரெண்டு சாயம் போட்டாதான் தெரியும். எங்க லேப்ல ஒண்ணுதான் போட முடியும்."

யார் பக்கத்தில் யார் நின்றார்கள் என்று பார்க்க எங்கள் தெருவில் சாயமே வேண்டாம், தைலம்மாளை அனுப்பு என்றேன்.

அந்தத் தை மாதம்தான் சாந்த் பாஷா வந்தார். வந்தார் என்றால், கடைக்கு எப்போதும் வருகிறவர்தான். அனந்தபுரத்துக்காரர், சைக்கிளில் பிளாஸ்டிக் குடம் கட்டி ஊர் ஊராக விற்கிறவர். பச்சையும் சிவப்புமாக ஒரு மலை நகர்ந்து வரும், நடுவில் அவர் தொப்பி மட்டும் தெரியும். வந்தவர், சைக்கிள் இடது பக்கம் இழுக்கிறது என்று ராஜாங்கத்திடம் சொன்னார். அவன் ஹேண்டில்பாரை நிமிர்த்தினான். மறுவாரம் சாக்கடையில் விழுந்து, குடமெல்லாம் தெருவில் உருள வந்தார். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற போர்க்கை மாற்றினான், சக்கரத்தைக் கோட்டம் எடுத்தான். அப்போதும் இழுத்தது. "கம்பெனி வண்டியே இப்பிடித்தான்" என்று இரண்டு பேரும் சேர்ந்து கம்பெனியைத் திட்டினார்கள். கடைசியில் ராஜாங்கம் தானே ஏறி ஓட்டிப் பார்த்தான். அம்பு மாதிரி நேராகப் போயிற்று.

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் அவன் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். வசந்தா சிரிக்கவில்லை.

"அவருக்கு தலவலி இருக்குதா?" என்று கேட்டாள்.

"வெய்யில்ல சுத்தறவனுக்கு தலவலி இருக்காதா?"

"காலையில வாந்தி?"

சோற்றில் கையை வைத்தபடி அவன் அவளைப் பார்த்தான். மறுநாளே பாஷாவைப் பாண்டிச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மூளையின் வலது பக்கம் கட்டி. உடம்பின் இடது பக்கத்தை ஆட்டிவைப்பது அதுதானாம். ஆபரேஷன் செய்து, எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். அதன் துண்டு வசந்தாவின் மேஜைக்குத்தான் வந்தது. "இன்னிக்கி சீவினது உயிரோட இருக்குது அத்த" என்று பின்வாசலில் நான் கேட்கும் முன்பே சொன்னாள். "நம்ம பாஷா அண்ணன்."

மொட்டைத் தலையில் தையலும் மேலே தொப்பியுமாக அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"இன்னா தங்கச்சி, என் மூளய நீதான் சீவினியாமே. நேரா சீவினியா, கோணலா?"

"உங்கள மாதிரி இல்லண்ணா. நேராதான்."

"உள்ள இன்னா இருந்துச்சி? குடமா?"

"காவல்காரங்க அண்ணா. சின்ன உருண்டைங்க. நான் பாத்ததுலயே உங்களுக்குத்தான் நெறைய இருந்துச்சி."

நான் பக்கத்திலேயே இருந்தேன். அவள் சொன்னது இவ்வளவுதான். அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி எழுந்து போனார். ஒரு வாரத்துக்குள் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது, பாஷா மண்டைக்குள் ஒரு படையே இருக்கிறது, ஆஸ்பத்திரியிலேயே அதிகம் அவருக்குத்தான் என்று. பூக்கடையில் கேட்டார்கள், டீக்கடையில் கேட்டார்கள். அவரும் நின்று நின்று சொன்னார். தொப்பியைத் தட்டிக்காட்டி, "எனக்கு ஆள்பலம் இருக்குது" என்றார்.

ஆபரேஷனுக்குப் பிறகு, மிச்சமிருக்கிற கட்டியைக் கதிரால் கருக்க, தலைக்குக் கரண்ட் வைக்க வேண்டும், தினமும் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு வாரம் போனார். பிறகு போகவில்லை. படை இருக்கும்போது கரண்ட் எதற்கு, கரண்ட் வைத்தால் அந்தப் படையும் சேர்ந்து கருகிப்போகுமே என்று கடைத்தெருவில் யாரோ ஒரு மேதாவி சொல்லியிருக்கிறான். எல்லோரும் தலையாட்டியிருக்கிறார்கள். வசந்தா அனந்தபுரத்துக்கு அவர் வீட்டுக்கே போய்க் கெஞ்சினாள், ராஜாங்கம் சத்தம் போட்டான். "நீயே சொல்லிட்டு நீயே பயப்பட்றியே தங்கச்சி" என்று அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றி அனுப்பினார்.

சித்திரை முடிவதற்குள் போய்விட்டார். அன்றைக்கு வசந்தா பின்வாசலில் நான் ஒன்றும் கேட்காமலே தண்ணீரை எடுத்து ஊற்றிக்கொண்டாள். தொட்டி காலியாகிற வரைக்கும் ஊற்றினாள். நான் துண்டை வைத்துக்கொண்டு நின்றேன்.

மனோரமா அம்மா அவளைத் திட்டினாராம். சாயம் போடுகிறவள் பலன் சொல்லக் கூடாது, அது டாக்டர் வேலை என்று. சரியான திட்டுத்தான். பிறகு ஆறுதலாக, கரண்ட் வைத்திருந்தாலும் சில மாதம்தான் கூட இருந்திருப்பார் என்றாராம்.

"அந்த சில மாசத்துல ஒரு ரம்ஜான் இருந்துச்சி அத்த" என்றாள் என்னிடம்.

"நீ பொய் ஒண்ணும் சொல்லலியே."

"நெறைய இருக்குதுன்னு சொன்னேன். சும்மா நிக்குதுன்னு சொல்லல."

"ஏன் சொல்லல?"

"அவரு சிரிச்சாரு."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. தைலம்மாள் கேட்டாள், தெருவில் எல்லோரிடமும் கேட்டாள். கடையில் சைக்கிள் எடுக்க வருகிறவர்கள்கூட ராஜாங்கத்தின் முகத்தை ஒருமாதிரி பார்த்தார்கள். வசந்தா வேலைக்குப் போனாள், வந்தாள். பஸ் கதை ஒன்றும் சொல்லவில்லை. கத்தரிக்காய்க் குழம்பில் நான் புளியை என் இஷ்டத்துக்குப் போட்டேன். அவள் பேசாமல் சாப்பிட்டாள். எனக்குப் பயமாக இருந்தது.

வைகாசியில் அவளை இழுத்துக்கொண்டு அனந்தபுரம் போனேன். பாஷாவின் மனைவி மெஹபூப் பீ இத்தா இருந்தாள். புருஷன் இறந்தால் அவர்கள் சில மாதம் வெளியே வராமல் வீட்டுக்குள்ளேயே இருப்பார்கள்; பெண்கள் போய்ப் பார்க்கலாம். வீட்டில் ஒரு மூலையில் விற்காத குடங்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. வசந்தா வாசற்படியிலேயே நின்றாள்.

"உள்ள வா. உன்ன கடிக்க மாட்டேன்" என்றாள் மெஹபூப் பீ.

உட்கார்ந்தோம். வசந்தா அழுதாள். அவள் அழுது முடிக்கிற வரைக்கும் மெஹபூப் பீ பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஊரு உன்னத்தான் சொல்லுது. எனக்கும் காதுல வுழுது. கரண்ட் வச்சா கண்ணு போயிடும்னு நானும்தான் சொன்னேன். அது யாருக்கும் தெரியல. ஆனா நீ சொல்லி கேக்கற ஆளா அவரு? மழ வருது, குடத்த எடுத்துகினு போவாதீங்கன்னா அன்னிக்கித்தான் போவாரு." பாக்கை என் கையில் வைத்தாள். பிறகு வசந்தாவைப் பார்த்துக் கேட்டாள். "ஒண்ணு மட்டும் சொல்லு. அவ்ளோ பேரு உள்ள இருந்தாங்கன்னியே. இருந்துகினு இன்னா பண்ணாங்க?"

"தெரியல அண்ணி."

"தெரியலன்னு உட்டுடுவீங்களா?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் வசந்தா வாயைத் திறந்தாள். பெங்களூரில் ஒரு பெரிய லேபில், ஒரே சீவலில் இரண்டு சாயம் போடக் கற்றுக்கொடுக்கிறார்களாம். டாக்டரம்மா போகிறார், இவளையும் கூப்பிட்டிருக்கிறார். ஆறு மாசம். பாஷாவின் துண்டு இன்னும் ஐஸ் பெட்டியில் இருக்கிறது, அதையும் எடுத்துப் போகிறார்கள். இப்போது போனால் ஓடிவிட்டாள் என்பார்களே என்று வேண்டாமென்று சொல்லியிருக்கிறாள்.

"இப்ப?" என்று கேட்டேன்.

"போகட்டுமா அத்த?"

"எங்கிட்டயா கேக்கற? நான் இன்னா டாக்டரா?" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு செஞ்சி வரைக்கும் விடவில்லை.

ராஜாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை.

"இப்ப போனா தைலம்மா சொல்றது நெசம்னு ஆயிடும். பேசாம இரு, ரெண்டு மாசத்துல ஊரு மறந்துடும்."

"ஊரு மறந்துடும். நான்?"

"போயி கண்டுபுடிச்சா பாஷா வந்துடுவானா?"

"வரமாட்டாரு. அடுத்த தடவ ஒருத்தரு வந்து கேட்டா, எனக்கு சொல்றதுக்கு ஏதாவது இருக்கணும்."

ஒரு வாரம் இரண்டு பேரும் பேசவில்லை. செய்தியெல்லாம் என் வழியாகப் போனது. சாம்பார் வேண்டுமா என்று கேள், வேண்டாம் என்று சொல். நடுவில் நின்று எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் அவனிடம் ஒரே ஒரு ஆட்சேபணைதான் மிச்சம் இருந்தது. "பாப்பாவுக்கு சட யாரு பின்னுவா? உன் கைதான் நடுங்குதே." நானா நடுங்குகிறேன்? சரி, கொஞ்சம் நடுங்கும். நீயே பின்னு என்றேன். அவன் கடையில் கிழிந்த டியூபை மூன்று பட்டையாக வெட்டி ஆணியில் மாட்டிப் பின்னிப் பழகுவதைத் தெருவே வந்து பார்த்தது. பேத்தி மட்டும், "நைனா, ரப்பர் வாசன வருது" என்று தலையைக் கொடுக்க மாட்டேன் என்றாள்.

டாக்டரம்மாவுக்கு ஆடியில்தான் தேதி கிடைத்தது. ஆடியில் பெட்டியோடு மருமகள் கிளம்பினால் ஊர் என்ன நினைக்கும்? தாய்வீட்டுக்குத் துரத்திவிட்டார்கள் என்றுதானே. கல்யாணமாகி எட்டு வருஷம் ஆனவளை யார் ஆடிக்குப் பிரிக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டாமா? யோசிக்கிற தெருவாக இருந்தால் எனக்கு வாத்தியார் எதற்கு?

பாண்டிச்சேரியிலிருந்து பெங்களூர் போகிற பஸ் செஞ்சி வழியாகத்தான் போகும். டாக்டரம்மா ஐஸ் பெட்டியோடு அதில் வருவார், வசந்தா இங்கே ஏறிக்கொள்ள வேண்டும். அன்றைக்குக் காலையில் ராஜாங்கம் யாரிடமும் பேசாமல் அவள் டிரங்குப் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் வைத்து, டியூப் கயிற்றால் கட்டினான். ஆட்டிப் பார்த்தான். அவிழ்த்து மறுபடி கட்டினான். பேத்தி ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்துமாக இரண்டு சடையோடு, பெட்டியைப் பிடித்துக்கொள்வதாக நின்றாள். வசந்தா அந்தச் சடையைப் பார்த்தாள். அவிழ்க்கக் கை போயிற்று, எடுத்துக்கொண்டாள்.

என் காலில் விழுந்தாள். "குழம்புல புளிய கொறச்சி போடுங்க அத்த" என்றாள்.

"நீ போயி உன் வேலய பாரு."

வாசற்படியைத் தாண்டி ஒரு கால் தெருவில் வைத்தாள். அந்த நேரம் பார்த்துத் தைலம்மாள் எதிர்வாசலில் முறத்தோடு எழுந்து நின்று, "இன்னா வசந்தா, பெட்டியெல்லாம் கட்டிகினு எங்க கெளம்பிட்ட?" என்றாள்.

கிளம்புகிறவர்களை எங்கே என்று கேட்கக் கூடாது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். கேட்டுவிட்டால் உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் திரும்பக் கிளம்ப வேண்டும். "வசந்தா, உள்ள வந்து குந்து" என்றேன். ராஜாங்கம் கடிகாரத்தைப் பார்த்தான். "பஸ் போயிடும்மா" என்றான், அவன்தான் சொன்னான், ஒரு வாரமாகப் போகாதே என்றவன்.

வசந்தா உள்ளே வரவில்லை. தெருவைக் கடந்து தைலம்மாளிடம் போனாள். கத்தவில்லை, காய் விலை சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"பெங்களூருக்கு அக்கா. பாஷா அண்ணன் மண்டையில அத்தன பேரு நின்னாங்க இல்ல, நின்னுகினு இன்னா பண்ணாங்க, யாரு அவங்கள நிறுத்தி வச்சாங்கன்னு பாக்கப் போறேன். ஆறு மாசம் ஆவும். வேற யாராவது கேட்டாலும் இதயே சொல்லுங்க."

தைலம்மாள் முறத்தில் இருந்த அரிசியைப் பார்த்தாள். "தண்ணி குடிச்சிட்டுப் போயேன்" என்றாள்.

"டைம் இல்லக்கா."

ராஜாங்கம் சைக்கிளைத் தள்ளினான். பேத்தி பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். வசந்தா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவர்களுக்கு முன்னால், பஸ் ஸ்டாண்டு பக்கம் வேகமாக நடந்தாள்.